நாற்பது ஏக்கரும் ஒன்பது நாளும்: விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு நிலத்தைத் தயார் செய்வது எப்படி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டையாடும் முக்கியப் பருவம் ஒன்பது நாள்தான். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அதற்கடுத்த வார ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். புதிதாக நிலம் வாங்குகிறவர்கள் இந்த ஒன்பது நாளை மட்டும் மனதில் வைத்து வேலையைத் தொடங்குகிறார்கள். முதலில் துப்பாக்கி, அப்புறம் பரண், அப்புறம் மானை வரவழைக்க ஒரு தீவனப் பாத்தி. நிலத்தில் என்ன முளைக்கிறது, என்ன முளைக்கவில்லை என்று பார்ப்பது கடைசியில், அல்லது பார்ப்பதே இல்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாநிலத்தின் தென்மேற்கில், மேடும் பள்ளத்தாக்குமான பகுதியில் எங்கள் நிலம். நாற்பது ஏக்கர் சதுரம், பக்கத்துக்கு 1,320 அடி. மூன்று வருடம் தலைகீழாக வேலை செய்து, பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். அதன் பின் என்னோடு வந்து பழகிய நண்பர்கள் எங்கெங்கே தடுக்கினார்கள் என்பதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்றிதழ் வேண்டும். அக்டோபரில் வகுப்பு தேடி இடம் கிடைக்காமல் அந்த வருடத்தையே விட்டவர்கள் உண்டு. வசந்த காலத்திலேயே முடித்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமலும் லைசென்ஸ் வாங்கி ஒரு வழிகாட்டியோடு போகலாம், ஆனால் அவர் எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் வருடத்துக்கு அது நல்ல வழி.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. "நண்பர் சொன்னார்" என்று இதில் இறங்காதீர்கள். வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு பிறகு துப்பாக்கியைத் தொடுங்கள். ஊருக்குப் போகும்போதும் நினைவிருக்கட்டும்: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். நான் எழுதுவது முழுக்க விஸ்கான்சின் கதை.

அடுத்தது எல்லை. எங்கே உங்கள் நிலம் முடிகிறது என்று காலால் நடந்து தெரிந்துகொள்ளுங்கள். போனில் வரும் வரைபடம் சில அடி தள்ளிக் காட்டும். இங்கே பலகை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. நீங்கள் சுட்ட மான் வேலி தாண்டி விழுந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் சுற்றியுள்ள நிலத்துக்காரர்களை முன்கூட்டியே போய்ப் பார்த்து அறிமுகமாகிவிடுங்கள். நவம்பர் மாலை இருட்டில், ரத்தக்கறை படிந்த கையோடு முதல் தடவையாக ஒருவர் கதவைத் தட்டுவது நன்றாக இருக்காது.

2. மார்ச்: பனி உருகியதும் நடங்கள்

பனி உருகி, இலை துளிர்க்காத அந்த மூன்று நான்கு வாரத்தில் நிலம் எல்லாவற்றையும் காட்டிவிடும். போன நவம்பரில் ஆண் மான் கொம்பு தேய்த்த மரம், குளம்பால் கீறிய மண், குளிர்காலம் முழுக்க நடந்த தடம், படுத்த பள்ளம் எல்லாம் அப்படியே தெரியும். மே மாதம் போனால் பச்சை எல்லாவற்றையும் மூடியிருக்கும். அக்டோபரில் நடந்தால் நீங்களே மானைத் துரத்திவிடுவீர்கள்.

ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். கூடவே குனிந்து குச்சிகளின் நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கடித்து இழுத்துப் பிய்க்கும், அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சரித்து வெட்டியதுபோல் இருக்கும். இது தெரியாமல் முயல் கடித்ததற்கெல்லாம் மானைக் குறை சொல்லியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தச் செடியின் நுனி கிழிந்திருக்கிறது என்பதும் முக்கியம். ஓக், மேப்பிள் கன்றுகளில் கொஞ்சம் கடி இருந்தால் பரவாயில்லை. மானுக்கு அவ்வளவாகப் பிடிக்காத செடிகளையும் கடித்து வைத்திருந்தால், நிலம் தாங்குவதைவிட அதிக மான் இருக்கிறது என்று பொருள்.

3. ஏப்ரல்: கூண்டு போடுங்கள்

செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம், யாரும் செய்யாத வேலை இதுதான். 16 அடி நீளக் கம்பிவலையை வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய 5 அடி விட்டமுள்ள கூண்டு கிடைக்கும். 5 அடி உயர வலை போதும். இவ்வளவு சிறிய வளையத்துக்குள் மான் குதிக்காது. இரண்டு இரும்புக் கம்பம் அடித்துக் கட்டுங்கள். காட்டுக்குள் மூன்று, புல்வெளி ஓரத்தில் ஒன்று, பின்னால் போடப்போகும் தீவனப் பாத்தியில் ஒன்று.

உள்ளே எதையும் நடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மண், ஒரே வெயில், ஒரே மழை. ஒரே வித்தியாசம் மான். அதனால் இரண்டு பக்கத்திலும் வேறுபாடு தெரிந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

என் மேட்டுக்காட்டில் போட்ட முதல் கூண்டு இரண்டாவது கோடையில் பேசியது. உள்ளே ஓக் கன்றுகள் முழங்கால் உயரம். ஒரு ஓரத்தில் மூன்று இலை விரித்த டிரில்லியம் என்னும் காட்டுப் பூச்செடிகள். வெளியே அதே ஓக் கன்றுகள் கணுக்கால் உயரத்தில், நுனி கிழிந்து, பக்கவாட்டில் தடித்துப் புதர்போலக் குறுகிக் கிடந்தன. ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் என் முழங்கை நீளம். பல வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும் தலைதூக்கி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் கடிபட்டு நின்ற செடி அது. நான் ஏன் வேட்டையாடுகிறேன் என்று வீட்டில் கேட்டபோது, பதில் சொல்லாமல் அந்தக் கூண்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன்.

4. வெட்டுவது முதலில், நடுவது பிறகு

இந்தப் பக்கத்துக் காடுகளின் பெரிய தொல்லை பக்தார்ன் என்னும் புதர். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியிலிருந்து வந்தது, வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளை விடுவது. பழத்தைப் பறவைகள் தின்று எச்சத்தில் பரப்பும். மான் இதை அதிகம் தொடாது. சுற்றியுள்ள நல்ல செடிகளைத் தின்றுவிட்டு இதற்கு இடம் விட்டுக்கொடுக்கும். அதனால் பக்தார்ன் நிற்கும்போது ஓக் நட்டால் பணம் வீண்.

அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம்தான் அடையாளம் காண நல்ல நேரம். மற்ற மரமெல்லாம் இலை உதிர்த்திருக்க, இது மட்டும் பச்சையாக நிற்கும். அப்போதே வண்ண நாடா கட்டி வையுங்கள், வேட்டைப் பருவம் முடிந்த பிறகு வெட்டலாம். வெட்டிய உடனே அடிக்கட்டையில் களைக்கொல்லியைத் தடவ வேண்டும், அளவு டப்பாவின் லேபிளில் இருக்கும். "இன்று வெட்டுவேன், நாளை தடவுவேன்" என்றால் கட்டை உலர்ந்துவிடும், மருந்து இறங்காது. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் செயின்சா, ஒருவர் மருந்து. மண்ணில் கிடக்கும் விதைகள் இன்னும் சில வருடம் முளைக்கும், அவற்றைக் கையால் பிடுங்கலாம்.

ஓக் மரத்தில் ஏப்ரல் முதல் ஜூலை வரை கத்தியே வைக்காதீர்கள். புது வெட்டுக்காயத்துக்கு வரும் வண்டு ஓக் வாடல் நோயைக் கொண்டு வரும். பரணுக்கு வழி விட ஒரு கிளை வெட்டினால்கூட அதே ஆபத்துதான்.

இன்னொன்று. யாராவது வந்து "உங்கள் ஓக் மரங்களை விலைக்குக் கேட்கிறேன்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். மாநில இயற்கை வளத் துறையின் வன அலுவலர் கட்டணமின்றி வந்து உங்கள் காட்டை நடந்து பார்த்துக் கருத்துச் சொல்வார். என் நண்பர் ஒருவர் அப்படிக் கேட்காமல் விற்றார். ஒரே வாரத்தில் நல்ல மரங்கள் எல்லாம் போய், கோணலும் நோயும் மட்டும் மிஞ்சின. மானுக்கும் காட்டு வான்கோழிக்கும் அணிலுக்கும் கொட்டை தரும் மரங்கள் அவைதான்.

5. தீவனப் பாத்தி: சிறிதாக, மண்ணைக் கேட்டுவிட்டு

எல்லாரும் முதலில் செய்யும் வேலையை நான் ஐந்தாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மான் அதிகமாக இருக்கும் நிலத்தில் பாத்தி போட்டால் இன்னும் மான் சேரும், காடு இன்னும் அடிபடும். கூண்டு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு இதைத் தொடுங்கள்.

மண் பரிசோதனை இல்லாமல் விதை வாங்காதீர்கள். அமில மண்ணில் மான் விரும்பும் தீவனச் செடியான க்ளோவர் வராது. மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 6-க்குக் கீழே என்றால் சுண்ணாம்பு போட வேண்டும், அது வேலை செய்யப் பல மாதம் ஆகும். அதனால் முந்தைய இலையுதிர் காலத்திலேயே போடுங்கள். பையில் பெரிய கொம்பு மானின் படம் போட்ட விதைக் கலவைக்கு இரண்டு மூன்று மடங்கு விலை. உள்ளூர் விவசாயக் கடையில் சாதாரண வெள்ளை க்ளோவரும் கோதுமைக்கு உறவான குளிர்கால ரை தானியமும் வாங்கினால் போதும்.

க்ளோவரை மார்ச்சில், இரவில் உறைந்து பகலில் இளகும் மண் மீது தூவுங்கள். மண் விரிந்து சுருங்கும்போது விதையை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும், உழ வேண்டியதில்லை. ரையை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் விதையுங்கள். கையால் தூவினால் ஏக்கருக்குச் சுமார் 100 பவுண்டு. கால் ஏக்கர் பாத்தி தாராளம்.

மக்காச்சோளத்தைக் குவித்து வைப்பது வேறு விஷயம். அது இரை வைத்தல். மான் மெலிவு நோய் காரணமாக விஸ்கான்சினின் பெரும்பாலான கவுண்டிகளில் (மாவட்டங்களில்) அதற்குத் தடை. ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைத்தால் எச்சில் வழியாக நோய் பரவும். பாத்தி சட்டப்படி சரி, குவியல் தவறு. இந்த வேறுபாடு தெரியாமல் அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

6. மே முதல் ஜூலை வரை: புல்லை வெட்டாதீர்கள்

மான்குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும். முதல் வாரங்களில் ஆபத்து வந்தால் ஓடாது, அப்படியே அசையாமல் படுத்துக்கொள்ளும். வெட்டும் இயந்திரம் வந்தாலும் அப்படித்தான். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் அதே காலம்தான். ஆகஸ்ட் பிறந்த பிறகு வெட்டுங்கள்.

இந்த மாதங்களில் காட்டுக்குள் போய் வந்தால் உண்ணி பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். லைம் நோய் இங்கே சகஜம்.

7. பரண்: மானுக்கு முன் காற்றைப் பாருங்கள்

புதியவர்கள் தடம் நன்றாகத் தெரியும் இடத்தில் பரண் கட்டுகிறார்கள். தவறில்லை, ஆனால் அது பாதிதான். நீங்கள் பரணுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள், உங்கள் வாசனை எந்தப் பக்கம் போகிறது என்பது மீதிப் பாதி.

நவம்பரில் இங்கே வடமேற்குக் காற்று அதிகம். அப்படியென்றால் மான் வரும் பக்கத்துக்குத் தென்கிழக்கில் நீங்கள் இருக்க வேண்டும். மலைப்பாங்கான நிலத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும், காலையில் வெயில் ஏறியதும் மேட்டை நோக்கி எழும். மாலை வேட்டைக்கு மேட்டில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை பள்ளத்தில் படுத்திருக்கும் மான் மூக்கில்தான் போய் விழும். எருக்கங்காய்ப் பஞ்சு போன்ற பஞ்சைப் பையில் வைத்திருந்து ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். இங்கே மில்க்வீட் என்னும் செடியின் காயில் அது கிடைக்கும். பஞ்சு போகும் வழிதான் வாசனை போகும் வழி.

குறைந்தது இரண்டு பரண், இரண்டு காற்றுக்கு. ஆகஸ்டிலேயே கட்டி முடியுங்கள். பழைய பரணின் பட்டைகளை வருடா வருடம் சோதியுங்கள். வெயிலில் கிடந்த நைலான் பார்க்க நன்றாக இருக்கும், எடை ஏறினால் அறுந்துவிடும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை மாட்டியே இருக்க வேண்டும். பலர் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் மாட்டுகிறார்கள். விழுவது பெரும்பாலும் ஏறி இறங்கும்போதுதான். குண்டை வெளியே எடுத்துவிட்ட துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி, நீங்கள் ஏறிய பிறகு மேலே இழுங்கள்.

8. எந்த மான் என்று அக்டோபரிலேயே முடிவு செய்யுங்கள்

கூண்டு "மான் அதிகம்" என்று சொன்னால் பெட்டை மானைத்தான் எடுக்க வேண்டும். வளர்ந்த பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். கொம்புள்ள ஆணை எடுத்தால் அடுத்த வருடம் பிறக்கும் குட்டிகள் குறையாது, மீதமுள்ள ஆண்கள் போதும். கொம்புக்காக மட்டும் காத்திருந்து ஒன்பது நாளும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள், மறுவருடம் ஓக் முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள்.

பெட்டைக்கான அனுமதிச் சீட்டு கவுண்டி வாரியாகவும், தனியார் நிலம், பொது நிலம் என்று பிரித்தும் வரும். உங்கள் சீட்டு எந்த நிலத்துக்கு என்று படித்துப் பாருங்கள். தனித்து நிற்கும் சிறிய "பெட்டை" பல நேரம் கொம்பு முளைக்காத ஆண் குட்டியாக இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வரும்வரை காத்திருங்கள். பக்கத்தில் நின்றால் பெரியது எது என்று தெரிந்துவிடும்.

9. அந்தக் காலை

இடுப்புக்கு மேல் உள்ள வெளி உடையில் பாதியாவது பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது பளிச்சிடும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விடிய ஒரு மணி நேரம் முன்னதாகப் பரணில் இருங்கள். சுடலாம் என்று சட்டம் சொல்லும் நேரத்தை அச்சிட்டுப் பையில் வையுங்கள்.

எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினையுங்கள். குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்கட்டும். குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய்யுங்கள். சுடும்வரை விரல் விசைக்கு வெளியே. இந்த நான்கையும் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மான் கண்ணில் பட்டு நெஞ்சு அடிக்கும்போது மறந்துபோவது மூன்றாவது. மேட்டின் விளிம்பில், வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடாதீர்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். இதயமும் நுரையீரலும் அங்கேதான். சுட்டபின் மான் ஓடும். எந்த மரத்தருகே நின்றது, எங்கே மறைந்தது என்று மனதில் பதியுங்கள். அப்புறம் அரை மணி நேரம் உட்காருங்கள். உடனே இறங்கி ஓடுவதுதான் புதியவர் செய்யும் மிகப்பெரிய பிழை. விழுந்து படுத்த மான் உங்களைக் கண்டு எழுந்து இன்னும் அரை மைல் போகும்.

ரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், சில மணி நேரம் காத்திருங்கள். பச்சையும் நாற்றமும் இருந்தால் குடல். அப்போது ஆறு எட்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் காலை ஓடை ஓரத்தில் கிடைத்தது. அந்த வருடம் வேறு மானைச் சுடவில்லை, பயிற்சித் திடலுக்குத்தான் போனேன்.

10. விழுந்த பிறகு: பதிவு, பரிசோதனை, இறைச்சி

குடலை அங்கேயே எடுத்துவிடுங்கள். உடம்புச் சூடுதான் இறைச்சியைக் கெடுக்கும். கையுறை கட்டாயம் போடுங்கள். நவம்பரில் சில நாள் வெயில் அடிக்கும், 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் போனால் மரத்தில் தொங்கவிடாதீர்கள், அன்றே வெட்டிக் குளிர்பதனத்தில் வையுங்கள்.

மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ போனிலோ பதிவு செய்தாக வேண்டும். காட்டில் சிக்னல் இல்லை என்பது காரணமாகாது.

அடுத்து, மெலிவு நோய்ப் பரிசோதனை. இங்கே எல்லாரும் சிடபிள்யூடி என்பார்கள். 2002-இல் மாநிலத்தின் தெற்கில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்று தென்மேற்குக் கவுண்டிகளில் மிக அதிகம். மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் இருக்கும் மானைத் தின்ன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நோய்க்குக் காரணமான பிரியான் என்னும் பிறழ்ந்த புரதம் சமைத்தால் அழியாது. நன்றாக வேகவைத்தால் சரி என்று நினைக்காதீர்கள். தலையை மாநிலம் வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் கழுத்து நிணநீர் முடிச்சைச் சோதித்துச் சொல்வார்கள், கட்டணம் இல்லை. முடிவு வரும்வரை ஒவ்வொரு மானின் இறைச்சியையும் தனிப் பையில், எண் எழுதி வையுங்கள். இரண்டு மானைக் கலந்துவிட்டு ஒன்றுக்கு நோய் என்று வந்தால் இரண்டையும் கொட்ட வேண்டும். எலும்பையும் தண்டுவடத்தையும் காட்டில் வீசாமல் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்கள். பிரியான் மண்ணில் பல வருடம் கிடக்கும்.

குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறியுங்கள். ஈயக் குண்டு கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறும். வீட்டில் குழந்தைகள் இருந்ததால் நான் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். மானின் கொழுப்பு மெழுகுபோல் நாக்கில் ஒட்டும், முழுக்க நீக்குங்கள். கறியில் கொழுப்பே இல்லாததால் மிளகு வறுவலுக்கு நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும்.

11. டிசம்பர்: நோட்டை எழுதுங்கள்

பருவம் முடிந்த வாரமே, நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுங்கள். எந்த நாள் எந்தக் காற்று, எத்தனை பெட்டை, எத்தனை குட்டி கண்ணில் பட்டது, எந்தப் பரண் வீண். பக்கத்து நிலத்துக்காரர்களிடமும் கேட்டுச் சேருங்கள். நாற்பது ஏக்கருக்குள் எந்த மானும் நிற்காது. நீங்கள் இரண்டு பெட்டை எடுத்து அவர்கள் ஒன்றுமே எடுக்காவிட்டால் காட்டில் மாற்றம் தெரியாது. என் கிழக்கு எல்லைப் பெரியவர் ஐந்து வருடம் தலையாட்டிவிட்டுப் போனார். ஆறாவது வருடம் தன் காட்டிலும் ஒரு கூண்டு போட 16 அடி வலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஜனவரியில் பக்தார்னை வெட்டத் தொடங்குங்கள். நவம்பரில் கட்டிய நாடாக்கள் பனியிலும் தெரியும்.